சீமாட்டி நித்திரை

ஹெட்விக் சீமாட்டிக்கு எண்பத்தெட்டு வயது. கால் இரண்டும் விழுந்துவிட்டன; நரம்பில்லாத நாக்கு மட்டும் விழவில்லை. ஜெர்மனியின் ஹம் நகருக்கு வடக்கே, அகழி சூழ்ந்த பழைய மாளிகை ஒன்றில் கிடந்தாள். அவளைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, சூப் ஊட்டுகிறவள் யாழ்ப்பாணத்துக் கொறற்றி.

கொறற்றிக்குச் சீமாட்டியில் பெரிய மதிப்பு. சீமாட்டி பிறந்தது கிழக்கே, சிலேசியாவில். ஒன்பது வயதில் ரஷ்யப் படை வர, தாயோடு மாட்டுவண்டியில் பனிக்குள் ஓடிவந்தவள். மாளிகை போயிற்று, காணி போயிற்று, வழியில் தம்பியும் போனான். சொந்தக்காரர் வீட்டுக் குதிரை லாயத்தின் பரணில் அகதியாகக் கிடந்தபோது தாய் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான்: "எல்லாவற்றையும் பறிப்பார்கள். குடும்பப் பேரைப் பறிக்க முடியாது." அந்தப் பேரைக் கொண்டே இருபத்திரண்டு வயதில் தூரத்து மச்சான் முறையான ஒருவனைக் கட்டி, இந்த மாளிகைக்கு எசமானியானாள்.

கேட்கக் கேட்கக் கொறற்றிக்கு இது தன் கதைபோலவே இருந்தது. அவளும் போரில் வீட்டை ஷெல்லடிக்குக் கொடுத்துவிட்டு வந்தவள்தான். மிஞ்சிய ஒரே சொத்து "நாங்கள் நல்ல ஆக்கள்" என்பது. சாதி என்ற சொல்லை நம்மவர் வாயால் சொல்வதில்லை. "அவை என்ன ஆக்கள்?" என்று மெல்லக் கேட்பார்கள். வெட்டுவதற்கு அந்தக் கேள்வி போதும்.

சீமாட்டியின் ஒரே மகள் பிரீடா, மாளிகையின் குதிரை லாயக்காரனின் மகனைக் கட்டினாள். சீமாட்டி கத்தவில்லை, அழவில்லை. சாப்பாட்டு மேசையிலிருந்து மகளின் கதிரையைத் தூக்கிப் பரணில் போடச் சொன்னாள். மற்றக் கதிரைகளை நெருக்கிப் போடவும் விடவில்லை. விருந்துக்கு வருகிறவர்கள் எல்லோரும் அந்த வெற்றிடத்தைப் பார்க்கவேண்டும். மகள் வாசலுக்கு வந்தபோதெல்லாம் "சீமாட்டி நித்திரை" என்று வேலைக்காரர் சொன்னார்கள். முப்பது வருடமாக அப்படியே சொன்னார்கள்.

"வைராக்கியம் எண்டா இதெல்லோ!" என்று கொறற்றி வீட்டில் வந்து புருசன் ஜேசுரட்ணத்திடம் சொன்னாள்.

அவள் மெச்சியதற்குக் காரணம் இருந்தது. அவளுடைய மகள் பிறேமா, டோர்ட்மண்டில் பல்வைத்தியராக இருக்கும் லக்ஸனைக் கட்டியிருந்தாள். வாயில் கைவைக்கலாம், வீட்டில் கால்வைக்கக் கூடாது. அவன் "ஆக்கள் வேற". கலியாணத்துக்குப் பிறகு வந்த முதல் நத்தார்ப் பண்டிகைக்குப் பிறேமா கேக்கோடு வந்து மணியடித்தாள். கொறற்றி திரைச்சீலைக்குப் பின்னால் நின்றுகொண்டு புருசனை அனுப்பினாள்.

"அம்மா நித்திரை, பிள்ளை" என்றார் ஜேசுரட்ணம், நிலத்தைப் பார்த்துக்கொண்டு. நடு மத்தியானம். திரைச்சீலை அசைந்ததைப் பிறேமா பார்த்தாள். கேக்கைப் படியில் வைத்துவிட்டுப் போனாள். கொறற்றி சுவரில் இருந்த மகளின் படத்தைக் கழற்றினாள். ஆணியை மட்டும் விட்டுவைத்தாள். சீமாட்டியிடம் படித்த பாடம்.

போன இலையுதிர் காலத்தில் பிரீடா மாளிகைக்கு வந்தாள். முகம் மஞ்சள். முடி கொட்டிய தலையில் துணி கட்டியிருந்தாள். கொறற்றிதான் கதவு திறந்தாள்.

"ஐந்து நிமிடம் போதும்" என்றாள் பிரீடா.

கொறற்றி மேலே போய்ச் சொன்னாள். சீமாட்டி கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, கையில் செபமாலையோடு, "நான் நித்திரை" என்றாள். கொறற்றி இறங்கிவந்து அதை நாக்குத் தடுமாறாமல் சொன்னாள். பாவி, முதுகைக்கூட நிமிர்த்திக்கொண்டாள்! பிரீடா தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போனாள். பனி விழ முதலே செத்துப்போனாள். செய்தி வந்த அன்று சீமாட்டி, "சூப்பில் உப்புக் குறைவு" என்றாள். கொறற்றிக்கு அன்று சோறு இறங்கவில்லை. ஆனாலும் பாடத்தை மறக்கவில்லை.

ஈஸ்டருக்குப் பிறகு பிறேமாவின் பிள்ளைக்கு ஞானஸ்நானம். "அம்மா, வாங்கோ. கடைசித் தரம் கேக்கிறன்" என்று போனில் செய்தி அனுப்பியிருந்தாள். கொறற்றி பதில் போடவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை வேண்டுமென்றே வேலைக்குப் போனாள். பிள்ளையின் தலையில் தண்ணீர் ஊற்றுகிற நேரம் வந்ததும் அவள் மணிக்கூட்டைப் பார்த்தாள். யாராவது ஒருவர், நீ செய்தது சரி என்று சொல்லவேண்டும்போல் இருந்தது. சீமாட்டியைவிட யார் சொல்வார்?

"இன்று என் பேரப்பிள்ளைக்கு ஞானஸ்நானம், அம்மணி. நான் போகவில்லை. மருமகன் எங்களைவிடக் குறைந்த குடும்பம்."

சீமாட்டி அவளை உற்றுப் பார்த்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். இருமல் வந்து, கண்ணீர் வந்து, அப்படியும் சிரித்தாள்.

"குறைந்த குடும்பமா? உங்களுக்குள்ளுமா? கொறற்றி, அந்த லாயக்காரன்கூட உன்னைத் தன் மேசையில் இருத்தியிருக்க மாட்டான். இந்தக் கட்டிலிலிருந்து பார்த்தால் நீங்கள் எல்லோரும் ஒரே உயரம்தான். சரி, தலையணையைத் திருப்பிப் போடு."

கொறற்றி தலையணையை உருவி எடுத்தாள். அதை எங்கே வைப்பது என்று ஒரு கணம் கைகளுக்குத் தெரியவில்லை. பிறகு தலைக்குக் கீழேதான் வைத்தாள்.

புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதை இதுதான். இந்தப் பூனை சூட்டைத் தன் குட்டிக்குப் போட்டது.

மாற்றுக்கு ஆள் வந்ததும் வேலை உடுப்போடு பஸ் பிடித்து, ரயில் மாறி டோர்ட்மண்டுக்கு ஓடினாள். பிறேமாவின் வீட்டு வாசல் முழுக்கச் சப்பாத்துகள். ரோல்ஸ் பொரித்த வாசம் படிவரை வந்தது. சப்பாத்துகளுக்கு நடுவில் ஒரு சோடி, குதி தேய்ந்த கறுப்புச் சோடி, ஜேசுரட்ணத்தினுடையது. மனுசன் காலையில் மீன் பிடிக்கப் போறன் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

மணியடித்தாள். லக்ஸன் கதவைத் திறந்தான். அவனுக்குப் பின்னால் உள்ளே பிறேமாவின் சிரிப்புச் சத்தம் கேட்டது. கொறற்றியைக் கண்டதும் அவன் உள்ளே போனான். சிரிப்பு நின்றது. திரும்பி வந்து நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"பிறேமா நித்திரை, மாமி."

"ஓம் தம்பி" என்றாள் கொறற்றி. அவனை அவள் தம்பி என்று கூப்பிட்டது அதுதான் முதல்தரம். "எழும்பினாப் பிறகு, நான் வந்தனான் எண்டு சொல்லுங்கோ."

கதவு மூடியது. உள்ளே பிள்ளை அழுதது, யாரோ தாலாட்டினார்கள். பிறேமா எழும்ப மாட்டாள் என்று கொறற்றிக்குத் தெரியும்.