ஜும்ஆவுக்குப் பின்னால் நாலு ரக்அத்

கசார்வாடிப் பள்ளிவாசலில் மசூது பாயின் முகத்தைத் தெரியாதவர்கள்கூட அவருடைய முழங்காலைத் தெரிந்து வைத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகையை முடிக்க இமாம் சலாம் கொடுத்து வாய் மூடுவதற்குள் யாராவது ஒருவர் தோளில் அது இடித்துவிடும். மற்றவர்கள் எழுந்து, அவரவர் பாட்டுக்கு நாலு ரக்அத், அதாவது நாலு சுற்று, சுன்னத் தொழக் கை கட்டும்போது, மசூது பாய் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பார். அவர்கள் தொழுது முடித்து வெளியே வரும்போது அவருடைய சைக்கிள் பழைய மும்பை நெடுஞ்சாலையைக் கடந்து போசரிப் பக்கம் போயிருக்கும்.

அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. போசரியில் தகரத்தை வெட்டி வளைக்கிற பிரஸ் ஷாப் ஒன்றில் அவருக்கு வேலை. வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு ஒரு மணி நேரம் அனுமதி. அதற்குள் சைக்கிள் மிதித்து வந்து, கைகால் கழுவி உளூ செய்து, இமாமின் குத்பா உரையைக் கேட்டு, இமாமோடு சேர்ந்து கடமையான இரண்டு ரக்அத்தைத் தொழுது, மறுபடியும் மிதித்துப் போய், சங்கு ஊதும்போது மெஷின் முன்னால் நிற்க வேண்டும். கேட்டில் சூப்பர்வைசர் ஜாதவ் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தபடி நிற்பார். அவர் வாய் திறந்து மசூது பாயைத் திட்டியதாக யாரும் சொன்னதில்லை. மணிக்கட்டைத் திருப்பினாலே போதும், இவர் சைக்கிளைப் பூட்டக்கூட மறந்து மெஷினுக்கு ஓடுவார்.

பர்ளு கடமை, விட்டால் கேள்வி உண்டு. சுன்னத் தொழுதால் நன்மை, விட்டால் தண்டனை இல்லை. மேலப்பாளையத்தில் சின்ன வயசில் ஓதிக்கொடுத்த லெப்பை சொன்னதில் இந்த ஒன்றை மட்டும் மசூது பாய் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். பள்ளியில் நேரமில்லை என்றால் வீட்டுக்கு வந்தாவது இரண்டு ரக்அத் தொழலாமே என்பாள் அவர் மனைவி மும்தாஜ். அவர் வீட்டுக்கு வரும்போது இருட்டிவிடும். ரிட்டையர் ஆனபிறகு சாவகாசமாகத் தொழுதுகொள்ளலாம், அல்லா என்ன கேட்டிலா நிற்கிறான் என்று சிரிப்பார்.

வீட்டிலும் மனுஷன் அப்படித்தான். சோறு, துணி, பள்ளிக்கூடம், காய்ச்சல் வந்தால் ஊசி, எதிலும் குறை வைத்ததில்லை. கடமையைச் செய்தார். அதற்கு மேலே, மகனைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு சும்மா ஒரு தெரு நடந்தார் என்று சொல்ல ஒரு நாள்கூடக் கிடையாது. நேரமில்லை என்பார். உண்மையும் அதுதான்.

அந்த மகன் இஸ்மாயில் பத்தாவதில் கோட்டைவிட்டான். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மராத்தி, தெருவில் இந்தி என்று எதிலும் கால் ஊன்றாத பையன். அவனையும் அதே பிரஸ் ஷாப்பில் சேர்த்துவிட்டார் மசூது பாய். வெள்ளிக்கிழமைகளில் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து பள்ளிக்கு வருவான். மெஷினில் மந்தம், பேச்சில் மந்தம். தொழுகையில் மட்டும் அந்த மந்தம் ஓர் அழகாக இருந்தது. குனிந்தால் நிதானமாக நிமிர்வான், உட்கார்ந்தால் மனசு நிறைய உட்காருவான். அப்பா சலாம் கொடுத்ததும் எழுந்து ஓடுவார். மகனோ எழுந்து சுன்னத்துக்குக் கை கட்டிவிடுவான். வெளியே அவனுக்காகக் காத்து நிற்கிற ஒவ்வொரு நிமிஷமும் மசூது பாய்க்கு நெருப்பில் நிற்பதாக இருக்கும்.

1996 மழைக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. சேற்றில் சைக்கிள் வந்து சேரவே நேரமாகிவிட்டது, குத்பாவும் நீண்டுவிட்டது. மசூது பாய் செருப்பைப் போட்டுக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார். இஸ்மாயில் நாலாவது ரக்அத்தின் கடைசி இருப்பில் இருந்தான். சலாம் கொடுக்க இன்னும் ஒரு மூச்சு நேரம்தான். அந்த ஒரு மூச்சைப் பொறுக்க அவருக்கு முடியவில்லை. செருப்பை உதறிவிட்டு உள்ளே போய், சட்டைக் காலரைப் பிடித்து அவனைத் தூக்கி நிறுத்தினார்.

“சங்கு ஊதப் போவுது. எந்திரில. சுன்னத்துதான.”

வரிசையில் இருந்தவர்கள் பார்த்தார்கள். தொழுகிறவனுக்குக் குறுக்கே நடந்தாலே குற்றம் என்று குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற இடம் அது. தொழுதுகொண்டிருந்தவனைப் பிடித்து இழுத்ததை அங்கே யாரும் அதற்கு முன்னால் கண்டதில்லை. இஸ்மாயில் போய்ச் சைக்கிளில் ஏறி உட்கார்ந்தான். சங்கு ஊதும்போது இருவரும் கேட்டுக்குள் இருந்தார்கள். ஜாதவ் மணிக்கட்டைத் திருப்பவில்லை, மசூது பாய்க்கு நிம்மதியாக இருந்தது.

அவன் வேலை பார்த்த பிரஸ்ஸில் பெடலை மிதித்தால் மேலிருந்து இரும்பு அச்சு இறங்கும். வேலை சுருக்காக நடக்கட்டும் என்று, கைக்குப் பாதுகாப்பாக இருந்த கம்பித் தடுப்பை எல்லா மெஷினிலும் கழற்றி வைத்திருந்தார்கள். பையனின் மனசு சலாம் கொடுக்காமல் விட்டுவந்த அந்த இருப்பிலேயே இருந்ததோ என்னவோ, தகரத்தை வைத்த கையை எடுப்பதற்குள் கால் மிதித்துவிட்டது. வலது கையில் ஆள்காட்டி விரலும் அடுத்த விரலும் போயின.

மசூது பாய் ஆஸ்பத்திரியில் பழியாகக் கிடந்தார். கட்டு மாற்றினார், சோறு ஊட்டினார், கழிப்பறைக்குத் தாங்கிப் பிடித்துக் கூட்டிப்போனார். மன்னிச்சிரு என்கிற ஒரு வார்த்தை மட்டும் வாயில் வரவில்லை. அதைச் சொன்னால் எல்லாம் தன்னால்தான் என்று ஆகிவிடுமே என்று பயந்தார். சொல்லாவிட்டால் மட்டும் ஆகாதா என்ன? ஒரு வருஷம் வீட்டில் பேசாமல் இருந்துவிட்டு, ஒரு நாள் உம்மாவிடம் மட்டும் சொல்லிக்கொண்டு இஸ்மாயில் வெளியேறினான். சண்டை இல்லை, சத்தம் இல்லை. வாகட் பக்கம் புதிதாக முளைத்த அடுக்குமாடிகளில் ராத்திரிக் காவல் வேலை பார்ப்பதாகக் கேள்வி. கான்ட்ராக்டர் எந்தக் கட்டிடத்துக்கு அனுப்புகிறானோ அங்கே இருப்பான்.

வருஷங்கள் ஓடின. மும்தாஜுக்குச் சர்க்கரை முதலில் கண்ணைத் தின்றது, பிறகு சிறுநீரகத்துக்கு வந்தது. 2003இல் அவள் கட்டிலோடு கட்டிலாகிவிட்டாள். டாக்டர் இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். அவளுக்கு வேறு ஆசை எதுவும் இல்லை, இஸ்மாயில் ஒரு தடவை வீட்டுக்கு வந்து பக்கத்தில் உட்கார வேண்டும். அந்த நேரத்தில்தான் ஒரு வெள்ளிக்கிழமை மசூது பாய் அவனைப் பள்ளியில் கண்டார். தூண் ஓரமாக, தாடி வைத்து, அப்பாவைவிட உயரமாக நின்றிருந்தான். ஊரில் வேறு பள்ளி இல்லாமலா இங்கே வந்தான்? அது அவனுக்கும் ஆண்டவனுக்கும்தான் தெரியும்.

முதலில் பள்ளியில் பாங்கு சொல்லும் மோதினாரிடம் சொல்லி அனுப்பினார். உம்மா சீக்காளியாக இருப்பது எனக்குத் தெரியும், அவளுக்காக துஆ கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், வாப்பா இருக்கிற வீட்டுக்கு வர முடியாது என்று பதில் வந்தது. மசூது பாய் அதை அப்படியே வந்து சொன்னார்.

“நீங்க இழுத்துட்டுப் போன புள்ள. நீங்கதான் போயி மாப்பு கேக்கணும். ஆள் விட்டுக் கேக்குற காரியமா இது?” என்றாள் மும்தாஜ்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவர் ஓடவில்லை, வாசலில் நின்றார். இஸ்மாயில் நாலு ரக்அத் சுன்னத் தொழுதான். சலாம் கொடுத்ததும் கூப்பிடலாம் என்று இவர் ஓர் அடி வைப்பதற்குள் எழுந்து அடுத்த இரண்டு ரக்அத்துக்குக் கை கட்டினான். அது முடிந்ததும், விருப்பத்துக்குத் தொழுகிற நஃபிலாக இன்னும் இரண்டு. கூட்டம் கலைந்துவிட்டது. தொழுகிறவனிடம் பேசக்கூடாது. தொட்டு எழுப்புகிற வேலையை ஒரு தடவை செய்து பட்டது போதும். சங்கு நேரம் நெருங்கவும் மசூது பாயின் கால்கள் பழக்கத்தில் தாமாகவே சைக்கிளுக்குப் போயின. அதற்கடுத்த வெள்ளியும் அதே கதை, அதற்கடுத்ததும். இவர் சைக்கிளை எடுத்துத் தெரு முனை திரும்பிய பிறகுதான் பையன் தொழுகையை முடித்துக்கொண்டு எழுகிறான் என்று மோதினார் ஒரு நாள் தயங்கித் தயங்கிச் சொன்னார். மசூது பாய்க்கு அது முன்பே தெரியும். தெரிந்ததை இன்னொருவர் வாயால் கேட்டபோது மானம் போயிற்று.

வழி சொன்னதும் மும்தாஜ்தான். சாயங்கால அஸர் தொழுகைக்குப் பிறகு பொழுது அடையும்வரை நஃபில் தொழக்கூடாது. அதுவரை உட்கார்ந்திருந்தால் அவன் ஒளிந்துகொள்ள ஒரு ரக்அத்தும் மிச்சம் இருக்காது. அதற்கு அரைநாள் லீவு வேண்டும். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து வெள்ளிக்கிழமையில் லீவு கேட்காதவர் மசூது பாய். ராத்திரி எல்லாம் தூக்கம் இல்லாமல், இந்தியில் என்ன சொல்லிக் கேட்பது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்தார்.

ஜாதவ் முழுசாகக் கேட்கக்கூட இல்லை. சரி, போய்வா என்று தலையை ஆட்டினார். அதோடு விட்டிருக்கலாம். வெள்ளிக்கிழமை அரைமணி முன்னே பின்னே ஆனால் என்ன, நல்ல வேலைக்காரன் நீ, கேட்டிருந்தால் எப்போதோ கொடுத்திருப்பேனே, ஒரு நாளாவது வாய் திறந்து கேட்டாயா என்று சிரித்தார். மசூது பாய் சிரிக்கப் பார்த்தார். வாய் கோணியது, சிரிப்பு வரவில்லை. கேட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனார்.

அன்றைக்கு ஜும்ஆ முடிந்ததும் மகனுக்கு இடப்பக்கம் போய் நின்றுகொண்டார். இஸ்மாயில் சுன்னத்துக்குக் கை கட்டினான். இவரும் கட்டினார். இத்தனை வருஷம் விட்டுவிட்டு ஓடிய அந்த நாலு ரக்அத்தை அன்றுதான் முதல்முதலாகத் தொழுதார். அவசரம் இல்லாமல் குனிவதற்கு உடம்புக்குத் தெரியவில்லை, மகனைப் பார்த்துப் பார்த்துக் குனிந்தார். கடைசி இருப்பில் எல்லோரும் வலது கையின் ஆள்காட்டி விரலை உயர்த்துவார்கள், ஆண்டவன் ஒருவனே என்று சொல்கிற இடம் அது. ஓரக்கண்ணில் மகனுடைய கை தெரிந்தது. தொடைமேல் கிடந்த அந்தக் கையில், விரல் இருந்த இடத்தில் மிஞ்சியிருந்த கட்டை மெல்ல மேலே எழுந்தது. மசூது பாய்க்குத் தன் விரலை உயர்த்த முடியவில்லை. நல்ல விரல், ஒரு கீறல் இல்லாத விரல். அதை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டு அழுதார்.

இஸ்மாயில் வலப்பக்கம் முகம் திருப்பிச் சலாம் கொடுத்தான், பிறகு இடப்பக்கம். வாப்பாவின் நனைந்த முகத்தை ஒரு கைத் தூரத்தில் கண்டான். எழுந்து மறுபடியும் கை கட்டினான். அப்படியே அஸர்வரை நின்றான், பிடிவாதத்தில் அவனும் அப்பனுக்கு இளைத்தவன் இல்லை. மோதினார் மின்விசிறிகளை அணைத்துவிட்டுப் போனார். அஸருக்குப் பாங்கு சொல்லி, ஆட்கள் வந்து, ஜமாஅத் தொழுகை முடிந்து, அவர்களும் போனார்கள். இப்போது இஸ்மாயிலுக்குத் தொழுவதற்கு எதுவும் இல்லை. கையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தான்.

“இஸ்மாயிலு, வாப்பா செஞ்சது தப்புதாம்ல. மன்னிச்சிரு. உம்மா உன்னயக் கேட்டுக்கிட்டே கெடக்கா” என்றார் மசூது பாய்.

அவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவருக்கு நம்பிக்கை வந்திருக்கும்.

“மன்னிச்சு ரொம்ப நாளாச்சு வாப்பா. மன்னிக்கணும்னு மார்க்கத்துல இருக்கு, மன்னிச்சுட்டேன். அதுக்கு மேல என்னால முடியல, கேக்காதீங்க.”

குல்லாவைச் சரிசெய்துகொண்டு எழுந்து போனான். மசூது பாய் பின்னாலேயே போகவில்லை. போய் என்ன சொல்வது? கடமையைச் செய்தவனிடம் அதற்கு மேலே ஒன்றைக் கேட்க அவருக்கு வாயில்லை.

பொழுது இருக்கும்போதே சைக்கிள் சத்தம் கேட்டதும் மும்தாஜுக்கு முகம் மலர்ந்துவிட்டது. பக்கத்து வீட்டு லீலாவைக் கூப்பிட்டு முன்கூட்டியே டீ போடச் சொல்லியிருந்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலிகூடப் போட்டிருந்தது.

“ரெண்டு பேரும் உள்ள வாங்க, ஏன் வாசல்லயே நிக்கீங்க?” என்றாள்.

மசூது பாய் நாற்காலியில் தான் உட்கார்ந்து, ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். அவள் அழவில்லை. அவன் கை எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டாள். தொழுகையின் கடைசி இருப்பில், அத்தஹிய்யாத் ஓதும்போது, விரல் இருந்த இடம் அசைகிறது என்றார். மும்தாஜ் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு இஸ்மாயில் அந்தப் பள்ளிக்கு வரவில்லை. நோன்பு மாசம் பிறப்பதற்கு முன்னால் மும்தாஜ் போய்ச் சேர்ந்தாள். ஜனாஸாத் தொழுகை அதே பள்ளியில் நடந்தது. மசூது பாய் முன்வரிசையில் நின்றார். பின்னால் யார் யார் நிற்கிறார்கள் என்று பார்க்கிற நிலையில் அவர் இல்லை. நின்றபடியே தொழுகிற தொழுகை, அதற்குப் பின்னால் சுன்னத் கிடையாது, நஃபிலும் கிடையாது. இமாம் சலாம் கொடுத்து முடிப்பதற்குள் கடைசி வரிசையில் ஒருவன் ஆட்களை இடித்துக்கொண்டு வெளியேறுவதாகச் சலசலப்பு எழுந்தது. மசூது பாய் திரும்பிப் பார்த்தார். அதே தூண் ஓரத்தில் ஓர் ஆள் நின்று தொழுத இடம் காலியாக இருந்தது.