வேலி மூங்கில் விற்ற அம்மா

பெரம்பலூர் தனி மாவட்டமான புதிதில், சிறுவாச்சூர் ரோட்டோரம் ஓர் அம்மா நர்சரி வைத்திருந்தார். வெயிலில் கறுத்த முகம், தலையில் எப்போதும் ஈரத்துண்டு. பிள்ளைகளே, வேலிக்குச் செடி கேட்டு யார் போனாலும் அவர் முதலில் கேட்பது, "யார மறைக்கணும்?"

நான் சொன்னது நம் பக்கத்து வீட்டு மாமாவை. தினமும் எட்டிப் பார்த்து நம் வீட்டுக் குழம்பை விசாரிப்பார்.

அவர் ஒரு மூங்கில் தூரைக் காட்டினார். "இது முள்ளு மூங்கில் இல்லையே?" என்றேன்.

"தடவிப் பாருங்க சார், முள்ளு இருக்கா? கழி வெரல் தண்டிதான். எலையத் திருப்புங்க, அடிப்பக்கம் வெளுத்திருக்கும். இதான் வேலி மூங்கில்."

"நாலு குச்சி வெட்டிக் குடுங்க, நட்டுக்கிறேன்."

"குச்சி வேர் புடிக்கிறதுக்குள்ள உங்க பக்கத்து வூட்டுக்காரரு பேரனுக்கே கல்யாணம் ஆயிடும்!"

கிழங்கோடு ஒரு தூரை அரிவாளால் இரண்டாகப் பிளந்தார். "வூட்டுக்குப் போயி இன்னும் நாலா பிரிச்சு நடுங்க" என்று பாதியை எனக்குத் தந்தார். மீதியைச் சாக்கில் சுற்றினார்.

"அது யாருக்குங்க?"

"இப்ப ஒருத்தரு வருவாரு. அவருக்கும் உங்க பிரச்சனதான்" என்று சிரித்தார்.

சாயங்காலம் நான் எல்லையில் கயிறு போட்டுக் குழி வெட்டிக்கொண்டிருந்தபோது, எதிரே கடப்பாரையோடு மாமா வந்தார். இன்னொரு கையில் அந்தச் சாக்கு. மாமா என் குழியையும் தன் சாக்கையும் பார்த்தார்.

"ரெண்டு வரிச எதுக்கு மாப்ள? கயித்த அந்தப் பக்கம் புடிங்க."

ஒருவரை ஒருவர் மறைக்க, இருட்டும்வரை சேர்ந்தே நட்டோம். அந்த அம்மா தெரிந்துதான் செய்தாரா என்பது இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. மாமாவுக்கும் பிடிபடவில்லையாம்.