முதலில் மகளின் குரல், பிறகு உலகம்

காலித் தூக்குப் பாத்திரத்துக்குள் கைபேசியை நிறுத்திவைத்தால் சத்தம் நன்றாக எடுக்கும். இதைக் கண்டுபிடித்தவர் எங்களோடு வேலை பார்த்த சேச்சிதான்; அக்காவை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். மட்டாஞ்சேரியில் நாங்கள் வேலை பார்த்த சுக்குக் கிடங்கில் மின்விசிறி கிடையாது. தூசி பறக்கும் என்று முதலாளி வைக்கவில்லை. மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, முறத்தில் சுக்கை அள்ளித் தரம் பிரிக்கும் பெண்களின் நடுவில் அந்தத் தூக்கு இருக்கும். அதற்குள்ளிருந்து ஒரு மனிதர் நிதானமான மலையாளத்தில் ஏதோ இரண்டு நாடுகளின் எல்லையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பார். பக்கத்துக் கிடங்குகளில் எல்லாம் சினிமாப் பாட்டு கேட்கும். எங்கள் கிடங்குக்குச் சாயா கொண்டுவருகிற சேட்டன், "இங்க வந்தா பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி இருக்கு" என்று டம்ளர்களை வைத்துவிட்டு ஓடிவிடுவார்.

நான் தென்காசிப் பக்கத்துக்காரி. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது, பிறகு கல்யாணமாகி இங்கே வந்தேன். பயம் எனக்குக் கூடப் பிறந்தது. அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் திரும்பிப் போவேன். மகள் வருகிற பஸ் கொஞ்சம் தாமதித்தால், அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவதுவரை மனதுக்குள் நடந்து முடிந்துவிடும். "மழை பெஞ்சா இவளுக்குப் பேடி. பெய்யலைன்னா அதைவிடப் பேடி" என்று கிடங்கில் கேலி செய்வார்கள். பயத்துக்கு இங்கே பேடி என்று பெயர்.

அப்படிப்பட்டவளைத் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டவர் சேச்சி. என்னைவிடச் சற்று மூத்தவர், அவ்வளவுதான். அவருடைய ஒரே மகள் இஸ்ரேலில் ஒரு வயதான அம்மாவை வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தாள். அங்கே போர் என்றதும் தெருவே வந்து, துக்கம் விசாரிப்பதுபோல் விசாரித்துவிட்டுப் போனது. வந்தவர்கள் எல்லாரும் தங்கள் போனில் எரிகிற கட்டடம் ஒன்றைக் காட்டினார்கள். சேச்சி அழவில்லை. மகளிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "எனக்கு இது மனசிலாகணும், புரியணும். எதைக் கேட்டா மனசிலாகும்?" மகள் டி.வி. பக்கமே போகாதே என்று சொல்லி, பாட்காஸ்ட் கேட்கக் கற்றுக்கொடுத்தாள். வேலையை விடாமல் கேட்கலாம், படம் இல்லை, எரிகிற கட்டடம் இல்லை, பேச்சு மட்டும்தான்.

சேச்சிக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. காலையில் மகளிடமிருந்து குரல் செய்தி வரும். "அம்மே, ஞான் இங்க நல்லாயிருக்கேன், நீ சாயா குடிச்சியா" என்கிற அளவுதான். அதைக் கேட்ட பிறகுதான் தூக்குக்குள் பாட்காஸ்ட் ஓடும். "முதல்ல என் மோள் பேசட்டும். பிறகு லோகம் பேசட்டும்" என்பார். எனக்கு அது சரியாகப் பட்டது. நேற்று நடந்ததை அந்த மனிதர் எவ்வளவு பயங்கரமாகச் சொன்னாலும், அவள் இன்று காலை பேசிவிட்டாள் அல்லவா?

எதைத் தொடர்ந்து கேட்பது, எதை விடுவது என்பதில் சேச்சி ரொம்பக் கறார். கத்துகிறவர் வேண்டாம். நடுவில் நகைச் சீட்டு விற்கிறவர் வேண்டாம். எல்லாம் முன்பே எனக்குத் தெரியும் என்கிறவர் வேண்டவே வேண்டாம். ஒருவர் ஆரம்பித்த உடனேயே "உலகப் போர் உறுதி" என்றபோது, எதிரில் இருந்த ஒருத்தி முறத்தைத் தட்டிக்கொண்டே, "சேச்சி, இது புழு அரிச்சது, தள்ளு" என்றாள். சேச்சி தள்ளிவிட்டார். கடைசியில் மூன்று நின்றன. உலக விஷயம் சொல்கிறவர் வாரத்துக்கு ஒருமுறை வருவார். முதலில் அந்த நாட்டில் ஆறு எந்தப் பக்கம், கடல் எந்தப் பக்கம் என்று சொல்லிவிட்டுத்தான் சண்டைக்கு வருவார். "இது எனக்கு உறுதியாகத் தெரியாது" என்று கூசாமல் சொல்வார். அரசியலுக்கு இரண்டு பேர். ஒத்துப்போகவே மாட்டார்கள், ஆனால் ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் வாயைத் திறக்க மாட்டார். "இப்படிச் சண்டை போடத் தெரிஞ்ச ஆம்பிளைங்க எங்கடி கிடைப்பாங்க?" என்று சேச்சி பெருமூச்சு விட்டதில் கிடங்கே சிரித்தது. பொருளாதாரம் சொன்னது ஒரு பெண். வெங்காய விலையில் தொடங்கி, எங்கோ ஒரு துறைமுகத்தில் கொண்டுபோய் நம்மை இறக்கிவிடுவாள்.

அந்தப் பெண்தான் என் பயத்தைப் பெரிதாக்கினாள் என்றும் சொல்லலாம். கிடங்கில் திடீரென்று வேலை குறைந்தது. சுக்கு மூட்டைகள் அடுக்கியபடியே கிடந்தன, எங்களில் பாதிப் பேரை மேஸ்திரி மாற்றி மாற்றித்தான் வரச் சொன்னார். எங்கள்மேல் யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். செங்கடல் வழியே போகப் பயந்து கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு போகின்றன, வாடகை ஏறுகிறது, அதனால் வாங்குகிறவர்கள் தள்ளிப்போடுகிறார்கள் என்று தூக்குக்குள்ளிருந்து அவள் சொன்னபோது என் கை முறத்திலேயே நின்றுவிட்டது. அதுவரை என் பயத்துக்குப் பெயர் இருந்ததில்லை. இருட்டில் நிற்கிற ஆள் மாதிரி ஏதோ ஒன்று இருக்கும். இப்போது அதற்குப் பெயர், ஊர், வழி எல்லாம் வந்துவிட்டன. எங்கோ ஒருவன் ஒரு கப்பலைக் குறிவைத்தால் மட்டாஞ்சேரியில் என் வீட்டு அரிசியில் கை வைக்கிறான். தெரிந்துகொண்டது நல்லதா கெட்டதா என்று இன்றுவரை எனக்குத் தீரவில்லை. கேட்பதை நிறுத்தவும் முடியவில்லை.

ஒரு நாள் காலைச் செய்தி வரவில்லை.

சேச்சி போனைத் தூக்குக்குள் வைத்தார். எதையும் ஓடவிடவில்லை. கிடங்கில் சுக்கு உரசும் சத்தம் மட்டும். அங்கே இரவெல்லாம் ஏவுகணை விழுந்தது என்று வாசலில் சுமை இறக்குகிறவர்கள் பேசிக்கொண்டது எல்லார் காதிலும் விழுந்தது. என் மகள் அப்போது நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். அவளையும் அந்த இடத்தில் வைத்து, கூப்பிட்டும் பதில் இல்லாமல் நானும் உட்கார்ந்திருப்பதுபோல் மனம் ஓடியது. சேச்சி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"எடி, உன் மூஞ்சியே பிரேக்கிங் நியூஸ் மாதிரி இருக்கு. அந்தப் பக்கம் திரும்பி உட்காரு."

திரும்பி உட்கார்ந்தேன். யாரும் சிரிக்கவில்லை. மத்தியானச் சோறு பாத்திரங்களிலேயே இருந்தது. சாயா வருகிற நேரத்தில்தான் போன் மணியடித்தது. சேச்சி எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான்தான் எட்டிப் பட்டனை அழுத்தினேன். மகளின் குரல் தூக்குக்குள் பெரிதாகக் கேட்டது. அவள் இருப்பது பழைய கட்டடம், வீட்டுக்குள் பாதுகாப்பு அறை கிடையாது. சைரன் அடித்தால் கீழ்த்தளத்துக்குப் படி இறங்கி ஓட வேண்டும். அந்த அம்மாவால் நடக்க முடியாது, தூக்கிக்கொண்டு இறங்கினாளாம். செருப்பு வழுக்கிக் கடைசிப் படியில் விழுந்து கணுக்கால் வீங்கிவிட்டது. போன் மேலேயே கிடந்துவிட்டது. "அம்மச்சிக்கு ஒண்ணும் ஆகலை அம்மே. எனக்கும் ஒண்ணும் ஆகலை." சேச்சி எழுந்துபோய்க் குழாயடியில் முகம் கழுவினார். திரும்பி வர வெகுநேரம் ஆனது.

அந்த வார நிகழ்ச்சியைக் கேட்டோம். எல்லைக்கு அந்தப் பக்கம் குண்டு விழுகிற ஊர்களைப் பற்றியும் அந்த மனிதர் சொன்னார், அதே நிதானமான குரலில், குழந்தைகளைப் பற்றியும். சேச்சி பாதியில் நிறுத்தினார். "அவங்களுக்கு எறங்கிப் போறதுக்கு ஒரு கீழ் அறைகூட இல்லியாமே" என்றார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஓடவிட்டு, முடியும்வரை கேட்டார். கேட்டே ஆக வேண்டும் என்று தனக்குத்தானே விதித்துக்கொண்டதுபோல் இருந்தது.

நாங்கள் எல்லாரும் மகளைப் பற்றியே பயந்துகொண்டிருந்தோம். ஆனால் போனது சேச்சி. பல வருடச் சுக்குத் தூசி நெஞ்சில் இறங்கியிருந்தது. இழுப்பு என்று வைப்பின் தீவிலுள்ள தங்கை வீட்டுக்குப் போனவர் அங்கேயே முடிந்துவிட்டார். மகளால் வர முடியவில்லை. வான்வழியை மூடியிருந்தார்கள். தங்கை மகன் போனைப் பிடித்துக்கொண்டு நிற்க, அவள் அதில் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். வான்வழி மூடல் என்றால் டிக்கெட் விலை என்ன ஆகும், எண்ணெய் விலை என்ன ஆகும் என்று பொருளாதாரப் பெண் எங்களுக்கு விளக்கியிருக்கிறாள். ஒரு மகள் கடைசியாக அம்மாவைத் தொடாமல் போவாள் என்பது அந்தக் கணக்கில் வரவில்லை. அன்றிலிருந்து எந்தத் திசையைப் பார்த்துப் பயப்படுவது என்பதே எனக்குக் குழம்பிவிட்டது.

இப்போது என் மகள் படிப்பை முடித்துவிட்டாள். சேச்சியின் மகள் இருக்கும் அதே நகரத்தில், ஒரு தாத்தாவைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடுகிறார்கள். சொல்லி அனுப்பியவளும் அவள்தான். கிடங்கில் இன்னும் பழையபடி வேலை இல்லை. என் வீட்டுக்காரர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீயே சொல்லு" என்று சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். சில நாட்களாகப் பதிலைத் தள்ளிப்போட்டேன். பாட்காஸ்ட் மட்டும் கேட்டேன். தமிழில் இரண்டு நல்லது கிடைத்திருக்கிறது. அவர்களும் தெரியாததைத் தெரியாது என்கிறார்கள். போகலாமா வேண்டாமா என்று யாராவது ஒருவர் வாய் தவறியாவது சொல்லிவிட மாட்டாரா என்று ஒவ்வொன்றையும் கடைசிவரை கேட்டேன். அதை அவர்கள் எப்படிச் சொல்வார்கள்?

நேற்று மகள் அடுக்களை வாசலில் வந்து நின்றாள். "அம்மா, இன்னிக்குப் பதில் சொல்லணும். போகட்டா, வேண்டாமா?"

மீனைக் கழுவிக்கொண்டிருந்தேன். தண்ணீரை இன்னும் வேகமாகத் திறந்துவிட்டேன்.

"அந்த வீடு புதுசா, பழசா?"

"எதுக்கும்மா?" என்று சிரித்தாள்.

"புதுசுன்னா வீட்டுக்குள்ளேயே அறை இருக்கும். பழசுன்னா படி இறங்கணும். கேளு."

சிரிப்பை நிறுத்திவிட்டுப் போனை எடுத்துச் சேச்சியின் மகளிடம் கேட்டாள். பதில் உடனே வந்தது. "பழசுதானாம். மூணாவது மாடி." சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"தாத்தா எடை எவ்வளவுன்னும் கேட்டுக்கோ" என்றேன். "செருப்புப் போட்டுட்டுப் போகாதே. நாளைக்கு எறணாகுளம் போய், நல்ல பிடிப்பு இருக்கிற ஷூ ஒண்ணு வாங்கலாம்."