சொக்ஸ் போட்ட கால்

நாலாம் நாள் காலையில் என் மகள் நிலாவுக்குக் காய்ச்சல் விட்டது. எனக்கு வந்த சந்தோஷம் சொல்லி மாளாது. கொதித்துக்கொண்டு கிடந்த பிள்ளையின் நெற்றி குளிர்ந்திருந்தது.

"காய்ச்சல்தான் விட்டிட்டுதே, பிறகென்னத்துக்கு ஆஸ்பத்திரி?" என்றார் கணவர். டெங்குவாக இருக்கலாம் என்று சந்தேகப்பட்ட பூநகரி வைத்தியர், காய்ச்சல் விட்டாலும் கிளிநொச்சியில் இரத்தம் சோதிக்கச் சொல்லியிருந்தார். எனக்கும் அலுப்புத்தான். ஆனாலும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டேன்.

ஆஸ்பத்திரிக்கு எங்கள் பக்கத்தில் பிள்ளையைச் சும்மா கொண்டுபோக மாட்டோம். முகத்துக்குப் பவுடர், கறுத்தப் பொட்டு, கால் குளிர்ந்திருந்ததால் சொக்ஸ். பஸ்ஸில் ஏறியதும் நித்திரையாகிவிட்டாள். பரந்தனில் பஸ் மாறியபோதும் எழும்பவில்லை. நோயில் களைத்த பிள்ளை, நன்றாகத் தூங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் உட்காரும் வாங்கு நிறையச் சனம். எனக்குப் பின்னால் இருந்தவரின் மகன் காதுவலியில் கத்திக் கூரையைப் பிய்த்தான். பாவமாக இருந்தது.

"எங்கட பிள்ளைக்குச் சுகம் வந்திட்டுது. நீங்கள் முதல்ல போங்கோ அண்ணை" என்று இடம் விட்டேன்.

அப்போது தாதி ஒருவர் வரிசை நெடுகப் பிள்ளைகளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தார். கத்தியவனைத் தாண்டி வந்து எங்களிடம் நின்றார்.

"ஏன் சொக்ஸ் போட்டனீங்கள்?"

"கால் குளிருது, மிஸ்."

"கழட்டுங்கோ. கடைசியா எப்ப மூத்திரம் போனவா?"

"நேற்றுப் பின்னேரம்."

நிலாவின் கால் பெருவிரல் நகத்தை அழுத்திவிட்டுப் பார்த்தார். வெளுத்த நகம் வெளுத்தபடியே இருந்தது; இரத்தச் சிவப்பு திரும்பி வரவில்லை. உள்ளங்கையால் முகத்துப் பவுடரைத் துடைத்தார். அதன் கீழும் வெளுப்புத்தான். அவளை என் மடியிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினார்.

"நாங்களெல்லோ முதல்ல?" என்றார் அந்தத் தகப்பன்.

"உங்கட மகன் கத்துறார் ஐயா. இவவுக்கு அழவும் பலமில்லை" என்ற பதில் மட்டும் வந்தது.

காய்ச்சல் விடும் நேரம்தான் டெங்குவில் ஆபத்தான நேரம் என்று டொக்டர் சொன்னார். திரவக்கசிவு (இரத்தக் குழாய்களிலிருந்து நீர் வெளியே கசிவது) தொடங்கிவிட்டதாம். சேலைன் ஏறியது. நான் கட்டிலின் காலடியில் இருந்து, அந்தக் குளிர்ந்த பாதங்களைக் கையில் பிடித்திருந்தேன். இடம் விட்டேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன். மறுநாள் பாதத்தில் சூடு திரும்பியது. அப்போதுதான் அழுதேன்.

காய்ச்சல் விட்ட பிள்ளையின் கால் குளிர்ந்தால், மூத்திரம் குறைந்தால், எழுப்பியும் சோர்ந்து விழுந்தால், வரிசையில் காத்திருக்காதீர்கள். எழும்பிப் போய்ச் சொல்லுங்கள்.

நிலா இப்போது முன்பள்ளிக்குப் போகிறாள். சப்பாத்துப் போடுமுன் அவளுடைய பெருவிரல் நகத்தை அழுத்திவிட்டுப் பார்ப்பேன். அது சிவக்க ஒரு கணம்தான். அதுவரைக்கும் நான் மூச்சு விடுவதில்லை.

நேற்று அவள் பொறுமையில்லாமல் என் காலைப் பிடித்து நகத்தை அழுத்தினாள். குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"உங்களுக்கும் சிவப்பு வந்திட்டுது அம்மா. இனிப் போவம்."