கைக்கு வந்த சோளத்தட்டுக் கட்டு

எழுபதுகளின் தொடக்கத்தில் எனக்கு டைபாய்டு வந்தது. கடத்தூருக்கு பஸ்ஸில் போய் ஊசி போட்டுக்கொண்டு, ஒன்றரை மாதம் கட்டிலில் கிடந்து எழுந்தேன். காய்ச்சல் போய்விட்டது. ஆனால் வேறு ஏதோ ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டது. மழை பெய்து பயிர் நன்றாக இருந்தது, மாடுகள் கறந்தன, வீட்டில் ஒரு குறையும் இல்லை. முப்பத்திரண்டு வயது ஆம்பிளை, களி உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு காரணமே இல்லாமல் அழுவானா? நான் அழுதேன். ஏன் என்று எனக்கே விளங்கவில்லை.

டாக்டர் சொன்னது ஒரு வாரம் ரெஸ்ட். சொந்தக்காரர்கள் கூடி அதை ஆறு மாதமாக்கினார்கள். மண்வெட்டியைத் தொட்டால் பிடுங்கிக்கொண்டார்கள். "நீங்க சும்மா குந்துங்க" என்பாள் என் மனைவி. குந்திக் குந்தித் தொடை இரண்டும் கோழிக்கால் ஆயின. உடம்பு இளைத்ததால் மனசு இளைத்ததா, மனசு இளைத்ததால் உடம்பு எழவில்லையா? அதைத்தான் நாளெல்லாம் யோசித்துக் கிடந்தேன். வேறு வேலை ஏது?

எங்கள் பக்கம் ஒரு வழக்கம். தடத்தில் யாராவது சுமையோடு நின்று "கொஞ்சம் தூக்கி உடுங்க" என்றால், எவ்வளவு அவசரமாகப் போகிறவரும் நின்று தலைக்கு ஏற்றிவிட வேண்டும். ஒரு நாள் பக்கத்துக் காட்டுக்காரப் பெண் என்னைக் கேட்டாள். மாட்டுக்குப் போட அறுத்த பச்சைச் சோளத்தட்டுக் கட்டு. குனிந்து பிடித்தேன். இடுப்பு வரை வந்தது, அதற்கு மேல் ஏறவில்லை. கட்டு சரிந்து அவள் காலடியில் விழுந்தது.

"பரவால்ல உடுங்கண்ணா. ஒடம்பு முடியாத ஆளப் போயிக் கேட்டேன் பாருங்க, எனக்குப் புத்தியே இல்ல."

நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. அன்று முதல் தலைச்சுமையோடு யாரைப் பார்த்தாலும் வேலிக்குப் பின்னால் ஒதுங்கினேன். கிணற்று மேட்டில் உட்கார்ந்து தண்ணீரையே பார்ப்பேன். செத்துவிடலாம் என்று தோன்றும். அப்படி ஒரு மத்தியானம் திரும்பிப் பார்த்தால் பின்னால் என் மனைவி நின்றிருந்தாள்.

மறுநாள் எங்கள் சோளக்காட்டிலிருந்து குரல் கொடுத்தாள். "ஏங்க, வந்து தூக்கி உடுங்க."

"என்னால ஆவாது. வேற யாரையாவது கூப்புடு."

"யாரு இருக்கறாங்க இங்க? வெயிலு ஏறுதுங்க."

எரிச்சலோடு போனேன். பிடித்தேன். கட்டு நேராக அவள் தலைச் சும்மாட்டில் போய் உட்கார்ந்தது! அன்று களி இரண்டு உருண்டை இறங்கியது. மறுநாளும் கூப்பிட்டாள், அதற்கு மறுநாளும். மூன்று மாதத்தில் வேலிக்குப் பின்னால் ஒதுங்குவதை மறந்தே போனேன்.

பிறகு ஒரு நாள் அதே பக்கத்துக் காட்டுக்காரி சிரித்துக்கொண்டே கேட்டாள். "அக்காவுக்கு என்னண்ணா ஆச்சு? முன்ன ஒரே கட்டா கொண்டு போவாங்க. நடுவுல அதையே சின்னச் சின்னக் கட்டாப் பிரிச்சு, நீங்க ஒரு கட்டத் தூக்கி உட்டுட்டு அப்பால போனதும், மறுபடி வந்து நாலு நடை நடந்தாங்க. அப்புறம் மூணு, ரெண்டு. இப்பத்தான் பழையபடி ஒரே கட்டு."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. வீட்டுக்குப் போய், "எதுக்கு என்னை ஏமாத்துன?" என்றேன்.

"கெணத்து மேட்டுல நீங்க குந்தியிருந்ததப் பாத்தேங்க" என்றாள். அவ்வளவுதான். அடுப்பை ஊதப் போய்விட்டாள்.

என் குழப்பம் இன்னும் தீரவில்லை. முதல் நாள் கட்டு சின்னப் பிள்ளை தூக்குகிற கட்டு. அன்று என் கையில் புதிதாக ஒரு பலமும் வந்திருக்காது. ஆனால் மனசு லேசானது அன்றுதான். பிறகு கை நிஜமாகவே தேறியது, மனசும் கூடவே தேறியது. எது எதைத் தூக்கிவிட்டதோ, தெரியவில்லை.

ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கிறது. அந்த மாதங்களில் சாயங்காலமானால் அவள் பாதத்தில் வெந்நீர் ஊற்றிக்கொள்வாள். முள் ஏதாவது குத்தியிருக்கும் என்று நினைத்தேன். என்னவென்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.