உறையூர் வேகத்தில் ஒரு மெயில்

சவரிநாதனை அவசரப்படுத்தி வேலை வாங்கியவர்கள் திருச்சியில் யாரும் இல்லை. பொதுப்பணித்துறை அலுவலகத்தில் அவனுக்கு வரைபடம் போடுகிற உத்தியோகம். ஒரு வாய்க்கால் கோட்டை இழுக்குமுன் பென்சிலைச் சீவுவான், முனையை விரலில் குத்திப் பார்ப்பான், திருப்திப்படாமல் மறுபடியும் சீவுவான். பக்கத்து மேசை ரங்கசாமி ஸ்ரீரங்கத்திலிருந்து சைக்கிளில் வருகிறவர். காவிரிப் பாலத்துக் காற்றில் கலைந்த தலையை அவர் வாரி முடிக்கும்போதும் இவன் பென்சிலைத்தான் சீவிக்கொண்டிருப்பான்.

"பெருமாள் புறப்பாடு ஆயிடும் ஓய், உம்ம கோடு புறப்படாது" என்பார் ரங்கசாமி.

ஆனால் அவன் போட்ட கோட்டை ரப்பர் வைத்து அழிக்க வேண்டிய தேவை எந்த அதிகாரிக்கும் வந்ததில்லை.

அப்படிப்பட்டவன் ஆயுசுக்கும் ஒரே பாட்டு என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டி வந்தது. ஊருக்குள் வெள்ளம் வந்து போனதற்கு மறுவருஷம், அதாவது எழுபத்தெட்டில், அவனும் அவனுடைய கூட்டாளிகளும் முக்கொம்புக்குப் போயிருந்தார்கள். காவிரிக்கரை மரத்தடியில் புளிச்சாதப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, 'காப்பர் வீல்ஸ்' குழுவின் பாட்டுகளில் எது உசத்தி என்று பேச ஆரம்பித்தது கைகலப்பு வரை போயிற்று. இங்கிலாந்துக்காரர்கள் ஐந்து பேர் கிதாரும் டிரம்ஸுமாகச் சேர்ந்து நடத்திய குழு அது. திருச்சியில் அவர்களைத் தெரிந்தவர்கள் ரொம்பக் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தில் பாதிப் பேர் அன்றைக்கு அந்த மரத்தடியில் இருந்தார்கள்.

ஷேக் தாவூதுதான் சட்டம் போட்டான். "ஆளுக்கு ஒரு பாட்டு. ஒரு தடவை பேர் சொல்லிட்டா மௌத்தாகற வரைக்கும் அதான். மாத்தப்படாது."

சட்டம் போட அவனுக்கு உரிமை உண்டு. காப்பர் வீல்ஸ் இசைத்தட்டு அவனுடையது. சிங்கப்பூரிலிருந்து அவனுடைய அண்ணன் கொண்டுவந்தது. உறையூர் கடைத்தெருவில் தாவூது பாட்டுப் பதிவு செய்து கொடுக்கும் கடை வைத்திருந்தான். காலையில் வாடிக்கைக்காரர்களுக்குப் படப்பாட்டும் பக்திப்பாட்டும் கேசட்டில் ஏற்றிக் கொடுப்பான். கூட்டாளிகளுக்கு இங்கிலீஷ் பாட்டு ஏற்றுவது மட்டும் சாயங்காலத்தில், கடையில் கூட்டம் குறைந்த பிறகு. வேலையில் சுத்தம் பார்ப்பவன். கரண்டில் போட்டால் கேசட்டில் இரைச்சல் ஏறுகிறது என்று பதிவு செய்யும் டேப் ரெக்கார்டரைப் புது பேட்டரி போட்டே ஓட்டுவான். இசைத்தட்டு சுற்றும் பெட்டிக்குத்தான் கரண்டு.

சட்டம் போட்ட அரை நிமிஷத்தில் தாவூது தன் பாட்டைச் சொல்லிவிட்டான். மற்றவர்கள் மாலைக்குள் சொன்னார்கள். சவரிநாதன் மட்டும் யோசித்துச் சொல்கிறேன் என்றான். ஒரு கோடை போய் அடுத்த கோடை வந்தது. அவன் இரண்டிரண்டு பாட்டாக எடுத்துக்கொண்டு, இதுவா அதுவா என்று கேட்டு, தோற்றதைத் தள்ளி, ஜெயித்ததை இன்னொன்றோடு மோதவிட்டுக்கொண்டிருந்தான்.

கடைசியில் நின்றது 'மண்டே மெயில்'. தாவூது ஏற்றிக் கொடுத்த கேசட்டில் இரண்டாம் பக்கத்தின் முதல் பாட்டு. ஆழமான கிணற்றுக்குள் நின்று ஒருவர் பாடுவதுபோல் கனத்த குரல். கிதார் ஒவ்வொரு அடியாக யோசித்து எடுத்து வைக்கும். பாட்டு ரயிலைப் பற்றியது என்பது தெரியும். அதனால் அந்த ரயிலில் பிரியமானவர் யாரோ ஊரைவிட்டுப் போகிறார்கள், பாடுகிறவர் பிளாட்பாரத்தில் நிற்கிறார் என்று அவனாகவே முடிவு செய்துகொண்டான். ஒருநாள் ரங்கசாமிக்குப் போட்டுக் காட்டினான். அவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "பாசுரம் சேவிக்கறாப்ல நிதானமா இருக்கு ஓய். வெள்ளைக்காரனுக்கு இவ்வளவு பொறுமை உண்டுன்னு எனக்குத் தெரியாது" என்றார். அதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? சவரிநாதன் தாவூதின் கடைக்குப் போய்ப் பேரைச் சொன்னான்.

"மாத்த முடியாது மாப்ள" என்றான் தாவூது.

"மாத்தறதுக்கா இவ்வளவு நாள் யோசிச்சேன்?"

எண்பத்திரண்டில் அவனுக்குப் பெண் பார்த்தார்கள். அவன் அம்மா சகாயம்மாளுக்கு அக்கா முறையான அற்புதம்மாள் கொண்டுவந்த இடம். பொன்மலை ரயில்வே காலனி. பெண்ணின் அப்பா அமிர்தராஜ், மெயில் வண்டியில் கார்டு. பெண் பேட்ரிசியா, டெலிபோன் ஆபீஸில் வெளியூர் கால் போட்டுக் கொடுக்கிற ஆபரேட்டர். அற்புதம்மாள் பையனைப் பற்றிச் சொன்னதில், இங்கிலீஷ் பாட்டுக் கேட்பான் என்பதும் குழுவின் பேரும் இருந்தன. அமிர்தராஜ் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டாராம். ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோன பக்கத்துக் குவார்ட்டர்ஸ் எஞ்சின் டிரைவர் விட்டுப்போன, தட்டுப் போட்டுக் கேட்கிற ரேடியோகிராமும் அதே இசைத்தட்டும் அவர் வீட்டில் இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, சாயங்காலமாகப் போனார்கள். திண்டுக்கல் லைனில் போன கையோடு அமிர்தராஜ் வாங்கி வந்திருந்த மணப்பாறை முறுக்கைத் தட்டில் வைத்தார்கள். பேட்ரிசியா காப்பி கொண்டுவந்து கொடுத்துவிட்டு அறை வாசலில் போய் நின்றாள். அடர்த்தியான புருவம், வாய்க்குள் அடக்கி வைத்த சிரிப்பு. சவரிநாதனுக்கு ஒரு தரம் பார்த்ததிலேயே மனசு நிறைந்துவிட்டது. இதற்கு இரண்டிரண்டாக வைத்துப் பார்க்கிற வேலையே இல்லை என்று தோன்றியது. அவன் வாழ்க்கையில் அப்படித் தோன்றியது அதுதான் முதல் தடவை.

"தம்பிக்கு அவங்க பாட்டுல எது பிடிக்கும்?" என்று கேட்டார் அமிர்தராஜ்.

"மண்டே மெயில்ங்க."

வாசலில் பேட்ரிசியாவின் சிரிப்பு அடக்கத்தை மீறி வெளியே வந்தது. "அட, எனக்கும் இவளுக்கும் அதான் உசுரு" என்று அமிர்தராஜ் எழுந்துபோய் இசைத்தட்டைப் போட்டு, ஊசியை அந்தப் பாட்டில் வைத்தார்.

முறுக்கை வாய்க்குக் கொண்டுபோன சவரிநாதனின் கை பாதியில் நின்றது.

எவனோ மீசை முளைக்காத பையன் கீச்சுக் குரலில் பாடினான். கிதார் பஸ்ஸைப் பிடிக்கிறவன்போல் ஓடியது. டிரம்ஸ் அதற்கு முன்னால் ஓடியது. பிளாட்பாரத்தில் யாரும் நிற்கவில்லை. எல்லாரும் வண்டிக்குள் ஏறிக் கும்மாளம் போட்டுக்கொண்டிருந்தார்கள். மெட்டு அதுதான், வரிகளும் அதுதான், ஆனால் அவனுடைய பாட்டு அதில் இல்லை. வருஷக்கணக்கில் எடை போட்டு, பேர் சொல்லி, மாற்ற முடியாதபடி வாக்குக் கொடுத்த பாட்டு. அவன் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டான். காப்பியில் ஆடை படிந்தது. பாட்டு முடிந்து அமிர்தராஜ் அவன் முகத்தைப் பார்த்தார். அதில் சாவு வீட்டுக்கு வந்தவனின் களை இருந்தது. பேட்ரிசியாவும் அதைப் பார்த்தாள். பிறகு அவள் வாசலில் இல்லை.

"அப்ப நாங்க கிளம்பறோங்க" என்று மட்டும் சொன்னான்.

பஸ்ஸில் சகாயம்மாள் பாலக்கரை வரை பொறுத்துப் பார்த்தாள். "பொண்ணுக்கு என்னடா குறை?"

"பொண்ணுக்கா? ஒரு குறையும் இல்லையே. நல்லா இருக்காங்க."

"பின்ன ஏன்டா மூஞ்சிய அப்படி வச்சிருந்த? அந்த மனுசன் குடுத்த முறுக்க மடியில போட்டுட்டு எந்திரிச்ச."

"அது பாட்டும்மா. அது அந்தப் பாட்டு இல்ல."

சகாயம்மாள் மகனை ஏற இறங்கப் பார்த்தாள். "எந்தப் பாட்டு, தெனம் சாயங்காலம் வீட்ல ஒருத்தன் அழுவானே, அதுவா? அதுக்காகவா ஒரு பொண்ண வேணாம்னு சொல்லிட்டு வர்ற?"

"வேணாம்னு நான் எப்பச் சொன்னேன்?" என்று கேட்டபோதுதான் அவனுக்கே உறைத்தது.

செவ்வாய்க்கிழமை அற்புதம்மாள் வந்தாள். பெண் வீட்டில் மனம் விட்டுப்போச்சு, வேறு இடம் பார்க்கப்போகிறார்கள் என்றாள். "பையன் முகமே சொல்லிருச்சுங்கன்னு அமிர்தராஜ் சொல்றாரு. அந்தப் புள்ள சரியா சாப்பிடலியாம்."

சவரிநாதன் நேராகத் தாவூதின் கடைக்குப் போனான். "நீ ஏத்திக் குடுத்தது எந்தத் தட்டுலருந்து?"

"ஒரே தட்டுதான் இருக்கு. அல்லா அறிய அதே தட்டுதான்" என்றான் தாவூது. நடந்ததைக் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டான். "பாட்டு கிடக்கட்டும். பொண்ணு வேணுமா வேணாமா?"

"வேணும்."

"பார்றா, இதை மட்டும் சட்டுனு சொல்ற. கிளம்பு. டேப்பத் தூக்கிட்டுப் போ. நீ வாயால சொன்னா ஒரு பய நம்ப மாட்டான்."

மறுநாளே ஆபீஸ் விட்டதும் அவன் போனான். பெண் பார்த்துவிட்டு வந்த வீட்டுக்கு மாப்பிள்ளை தனியாகப் போகிற வழக்கம் இல்லை. அதுவும் கையில் டேப் ரெக்கார்டரோடு யாரும் போனதில்லை. அமிர்தராஜ் பனியனும் வெள்ளைக் கால்சட்டையுமாகக் கதவைத் திறந்தார். டியூட்டிக்குப் புறப்படுகிற நேரம்.

"என்ன தம்பி?"

"ஒரு பாட்டுக் கேக்கணுங்க. கேட்டுட்டு என்னைப் போகச் சொன்னாலும் போயிடறேன்."

அவர் வழிவிட்டார். சவரிநாதன் முக்காலியில் டேப்பை வைத்து அழுத்தினான். கிணற்றுக்குள்ளிருந்து அந்தக் கனத்த குரல் எழுந்தது. அமிர்தராஜ் தலையைச் சாய்த்துக் கேட்டார். அவர் முகம் மெல்ல மெல்லக் கோணியது.

"தம்பி, இது மெயில் இல்ல. கூட்ஸ் வண்டி. அதுவும் மேட்டுல ஏற முடியாம முக்குற கூட்ஸு."

"இதத்தாங்க நான் நாலு வருஷமா கேட்டுட்டிருக்கேன். அன்னைக்கு உங்க தட்டுல வேற மாதிரி வந்ததும் எனக்கு ஒண்ணும் ஓடல. என் முகம் போனது அதுக்குத்தான். உங்க பொண்ணுக்காக இல்ல."

உள்ளேயிருந்து பேட்ரிசியா வந்தாள். அவனைப் பார்க்கவில்லை. முக்காலியின் அருகே குனிந்து, ஸ்பீக்கரில் காதை வைத்து, தூரத்து ஊரில் பேசுகிறவரைக் கவனிப்பதுபோல் கேட்டாள்.

"இத எப்பப் பதிவு பண்ணாங்க? காலையிலயா, சாயங்காலமா?"

"சாயங்காலம்."

"டேப்பு பேட்டரியில ஓடுச்சா?"

"ஆமா. எங்க உறையூர்க் கடைக்காரன் தாவூது எப்பவும் அப்படித்தான்."

"தட்டு மட்டும் கரண்டுல. உறையூர்ல சாயங்காலமானா டியூப்லைட் எரியுமா?"

சவரிநாதனுக்கு விளங்க ஆரம்பித்தது. உறையூரில் விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீடெல்லாம் ஒரே சமயத்தில் பல்பைப் போடும். கரண்டு அப்படியே படுத்துவிடும். டியூப்லைட் மினுக்கிக்கொண்டே கிடக்கும், மின்விசிறி எண்ணக்கூடிய வேகத்தில் சுற்றும். அந்தக் கரண்டில்தான் தாவூதின் தட்டும் சுற்றியிருக்கிறது. பொன்மலையில் ரயில்வே கரண்டு. அது என்றைக்கும் குறைந்ததில்லை.

"இங்கிலாந்துக்காரங்க சரியாத்தான் பாடியிருக்காங்க" என்றாள் பேட்ரிசியா. "உங்க ஊரு வோல்டேஜ்தான் அவங்களப் பிளாட்பாரத்துல நிக்க வச்சிருச்சு."

அமிர்தராஜ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, மெதுவாக ஒரு கேள்வி போட்டார். "அப்ப இப்பச் சொல்லுங்க தம்பி. அசலையும் கேட்டாச்சு, இதையும் கேட்டாச்சு. எது பிடிக்குது?"

அசல் என்று சொல்லிவிட்டால் எல்லாம் சுலபமாக முடியும். கேட்கிறவருக்கும் அதுதான் உசிர், வாசலோரம் நிற்கிறவளுக்கும் அதுதான் உசிர். சவரிநாதன் யோசித்தான். அவனால் யோசிக்காமல் இருக்க முடியாது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மனசுக்குள் ஓட்டிப் பார்த்தான். அமிர்தராஜ் கடிகாரத்தைப் பார்த்தார். மெயில் வண்டி அவருக்காகக் காத்திருக்காது.

"உறையூர்ப் பாட்டுதாங்க" என்றான்.

பேட்ரிசியா அப்போதுதான் அவனை நேராகப் பார்த்தாள்.

"அசல்தான் பிடிக்கும்னு பொய் சொல்லியிருந்தீங்கன்னா, காப்பி குடுத்து அனுப்பியிருப்பேன்" என்றாள். "உக்காருங்க. சாப்பிட்டுப் போங்க."

எண்பத்து மூன்று தை மாதம் கல்யாணம் நடந்தது. சீராக வந்த சாமான்களில் ரேடியோகிராமும் உறையூர் வந்து சேர்ந்தது. அதை இறக்கி வைத்த ஷேக் தாவூது பேட்ரிசியாவைப் பார்த்து, "இது உங்க வீட்டு மெயில், அக்கா. எங்க ஊருக்கு வந்துட்டா கூட்ஸுதான்" என்று எச்சரித்தான்.

அவன் சொன்னது பாதிதான் பலித்தது. காலையில் பேட்ரிசியா டெலிபோன் ஆபீஸுக்குக் கிளம்புமுன் தட்டைப் போடுவாள். அப்போது கரண்டு நன்றாக இருக்கும். பாட்டு வீட்டுக்குள் ஓடும், அவளும் அதனோடு ஓடிக்கொண்டே தலை வாருவாள். சவரிநாதன் காதைப் பொத்திக்கொண்டு பென்சிலைத் தேடுவான். சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு அதே தட்டை அவன் போடுவான். குரல் இறங்கும், கிதார் தள்ளாடும், பிளாட்பாரத்தில் அந்த மனிதர் வந்து நிற்பார். "உங்க ஆளு வந்துட்டாரு" என்று அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பாள் பேட்ரிசியா. சகாயம்மாள் ஜெபமாலையை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விடுவாள்.

எண்பத்தேழில் டி.வி. வாங்கினார்கள். கரண்டு ஏறி இறங்கினால் பெட்டி வீணாகிவிடும் என்று கடைக்காரர் ஸ்டெபிலைசரும் சேர்த்து விற்றார். மாட்டிக் கொடுக்க வந்த ரத்தினவேல் கெட்டிக்காரன். வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, மூலையில் இருந்த ரேடியோகிராமின் வயரைக் கையில் எடுத்தான்.

"இதுல இன்னொரு பிளக் பாயிண்ட் சும்மா இருக்குங்க. இதையும் சேர்த்து மாட்டிடட்டுமா? இனிமே எந்நேரமும் ஒரே ஸ்பீடுல ஓடும்."

சவரிநாதன் யோசித்து வாயைத் திறப்பதற்குள் பேட்ரிசியா முந்திக்கொண்டாள்.

"அதுக்கு வேணாம்ங்க. அது பாட்டுக்கு அது இருக்கட்டும்."