“வா” என்ற பெரியம்மா

என் பெரியம்மாவுக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை. வீட்டில் நாங்கள் வைத்த பெயர் ‘மேஸ்திரி’. யாரையும் ஒரு இடத்தில் சும்மா உட்கார விடமாட்டாள். அவளைத் தங்கமான மனுஷி என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அவளுக்கு பயம் என்பது கிடையாது.

படுக்கை விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். எதிரெதிரே நின்று முனைகளை இழுத்துப் பிடிப்பார்கள். பெரியம்மா “வா” என்றதும் எதிரே நிற்பவள் நடந்துவந்து முனைகளை அவள் கையில் சேர்க்க வேண்டும். ஒரு நாளைக்கு முந்நூறு விரிப்பு, முந்நூறு “வா”. எதிரே நின்றவள் இரண்டு பிள்ளைக்காரி. அடித்து நொறுக்கிய புருஷனை விட்டு வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

ஒரு நாள் காலை அவன் கத்தியோடு உள்ளே வந்தான். அவளுக்கு வாசல் முதுகுப்பக்கம். பார்த்தது பெரியம்மா மட்டும். கூச்சல் போட்டிருந்தால் அந்தப் பெண் திரும்பிப் பார்த்து உறைந்து நின்றிருப்பாள். பெரியம்மா வழக்கமான குரலில் “வா” என்றாள். இன்னும் இழுக்கவே இல்லையே என்று கேட்காமல் அவள் விறுவிறுவென்று வந்தாள். அவளைப் பின்னால் தள்ளி, விரிப்பை அவன் தலையோடு போர்த்திச் சுற்றி, கீழே சாய்த்து, மேலேயே உட்கார்ந்துகொண்டாள் பெரியம்மா. துணிக்குள்ளிருந்து கத்தி அவள் முன்கையைக் கிழித்தது. பதினொரு தையல். ஆட்கள் வந்து கத்தியைப் பிடுங்கும்வரை அவள் எழுந்திருக்கவில்லை.

“என் உடம்பைக் கேலி பண்ணினவங்க எல்லாம் இப்ப பேசுங்கடா” என்றாள் எங்களிடம்.

அந்தப் பெண்ணும் பிள்ளைகளும் பெரியம்மா வீட்டிலேயே தங்கினார்கள். பெரியம்மா போலீசில் புகார் கொடுத்திருந்தாள். ஆனால் அந்தப் பெண்ணும் சாட்சி சொன்னால்தான் அவன் உள்ளே இருப்பான். இல்லையென்றால் திரும்பி வருவான். அவளோ நாலு நாளாக வாயே திறக்கவில்லை. ஐந்தாம் நாள் அவனுடைய சித்தப்பா பழப்பையோடு வந்து உட்கார்ந்தார்.

“புருஷன் பொண்டாட்டி சண்டைம்மா. கோவத்துல ஏதோ பண்ணிட்டான். புகாரை வாபஸ் வாங்கிடுங்க.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெரியம்மா கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, “முடியாது” என்றாள்.

“அவன் உள்ள போயிட்டா அந்தக் குடும்பத்தை யாரும்மா பார்ப்பா?”

“இவ்வளவு நாளா யாரு பார்த்தா?”

சமையலறை வாசலில் அந்தப் பெண் வந்து நின்றாள்.

“நான்தான் பார்த்தேன். கோர்ட்டுலயும் நானே வந்து சொல்றேன். பழத்தை எடுத்துட்டுப் போங்க மாமா.”